ஜாடியில் ஒரு பிரயாணி

மீனை ஆகாய விமானத்தில் அழைத்துக்கொண்டு போனேன் என்று நான் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என் தமிழைத் திருத்துகிறார்கள். "அழைத்துக்கொண்டா? எடுத்துக்கொண்டு என்று சொல்லுங்கள்" என்கிறார்கள். ஐம்பது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு போகிறோம். குழந்தையை அழைத்துக்கொண்டு போகிறோம். மீன் இதில் எந்தக் கட்சி? தண்ணீரோடு ஒரு ஜாடியில் விட்டு மூடியும் போட்டான பிறகு அது சாமானா, பிரயாணியா? இந்தக் கேள்விக்கு அன்றைக்கு விமான நிலையத்தில் மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். என் பேத்தி மட்டும் ஆரம்பத்திலிருந்து ஒரே பதிலில் நின்றாள்.

2023-ம் வருஷம் ஜூன் மாதம் நடந்த சமாசாரம். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் இருந்த என் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம் பார்க்கப் போயிருந்தேன். பிறந்த குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்ட சமயத்தில், மாப்பிள்ளைக்கு டெக்ஸாஸ் மாகாணத்தில், ஆஸ்டின் நகரத்தில் வேறு உத்தியோகம் கிடைத்தது. பாலோ ஆல்டோவில் வாடகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் குடித்தனம் நடத்துவது ஒரு வகை விரதம். ஆகையால் பெரியவர்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். மாப்பிள்ளை முன்கூட்டியே போய் வீடு பார்த்துவிட்டார். காரை லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. பிறகு சாமான் கட்டுகிற கம்பெனி ஆட்கள் வந்து, எதையெல்லாம் தங்கள் வண்டியில் ஏற்றமாட்டார்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். காஸ், பெயின்ட், செடி கொடி, உயிருள்ள பிராணிகள்.

"நம்மகிட்ட உயிருள்ள பிராணி ஏது?" என்று சிரித்தேன் நான்.

பேத்தி சிரிக்கவில்லை. ஹால் மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அதில் ஒரு மீன் இருந்தது. சுண்டுவிரல் நீளம், செக்கச்செவேல் என்ற நிறம், உடம்பைவிடப் பெரிய வாலும் துடுப்பும், பட்டுப் பாவாடையை விரித்துச் சுற்றும் குழந்தையைப்போல. பெட்டா என்று சொல்கிறார்கள். நம் பழைய புத்தகங்களில் சயாம் என்று போட்டிருப்பார்களே, அந்தத் தாய்லாந்துதான் அதற்குப் பூர்வீகம். சண்டை மீன். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றை ஒன்று கிழித்துவிடும். அதனால் கடையிலேயே ஒவ்வொன்றையும் காபி டம்ளர் அளவு கிண்ணத்தில் தனித்தனியாக வைத்து விற்கிறார்கள். 2019-ல் தாய்லாந்து அரசாங்கம் இதைத் தங்கள் தேசத்து நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. நமக்கு மயில் மாதிரி அவர்களுக்கு இது.

எங்கள் வீட்டு சண்டை மீனுக்கு மிளகாய் என்று பெயர். நிறத்தைப் பார்த்து என் பெண் வைத்தது. பேத்திக்கு ஏழு வயது. தமிழ் நன்றாகப் புரியும், பேசவும் பேசுவாள், ஆனால் ல, ள, ழ மூன்றும் அவள் வாயில் ஒரே எழுத்து. "மிலகாய்" என்பாள்.

"அதனால் என்ன? ஆஸ்டினில் மீன் கடையே இல்லையா? போனதும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று நான் வழி சொன்னேன். நடைமுறை அறிந்தவள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. எட்டு டாலர் மீனுக்காக விமானக் கம்பெனிக்காரனோடு யார் மல்லுக்கட்டுவது? பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடலாம் என்று என் பெண்ணும் சொன்னாள்.

பேத்தி அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்போம். அழவில்லை. தொட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "நாம போனப்புறம் அதுக்கு யார் சாப்பாடு போடுவா பாட்டி?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை நானும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

1958-ல் எனக்கு ஒன்பது வயது. அப்பா தபால் இலாகாவில் இருந்தார். மாயவரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு மாற்றல். மாயவரம் என்றுதான் அப்போது சொல்வோம். மயிலாடுதுறை ஆனது 1982-ல். காவேரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் திண்டுக்கல் கிணற்று நீரை எப்படிக் குடிக்கப்போகிறோம் என்று அம்மாவும் பாட்டியும் ஒரு மாசம் இதே பேச்சாக இருந்தார்கள். என் கவலை வேறு. எங்கள் வீட்டுத் திண்ணையில் மணி என்று ஒரு நாய் இருந்தது. நாங்கள் வளர்த்தோம் என்று சொல்ல முடியாது. அது எங்களிடம் வளர்ந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். ரயிலில் நாயை அழைத்துப் போக வழி இல்லாமல் இல்லை. கார்டு வண்டியில் நாய்ப் பெட்டி உண்டு. தனியாகப் பணம் கட்டவேண்டும். எட்டுப் பேருக்கு டிக்கெட், நாலு டிரங்குப் பெட்டி, அண்டா, உரல், இவற்றுக்கு மேல் நாய்க்கும் ஒரு கட்டணமா? அப்பாவின் மணிபர்ஸ் எவ்வளவு மெலிந்தது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. "யார்ப்பா அதுக்குச் சோறு போடுவா?" என்று கேட்டேன். "எதிர்வீட்டு மாமா போடுவார்" என்றார். எதிர்வீட்டு மாமா மணியைப் பார்த்தால் குச்சியை எடுக்கிறவர். அது அப்பாவுக்கும் தெரியும்.

குதிரை வண்டிக்குப் பின்னாலேயே மணி ஜங்ஷன் வரைக்கும் ஓடி வந்தது. வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் எடை மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் ஏதோ வாங்கிவரப் போகிறோம், திரும்பி வந்துவிடுவோம் என்று நினைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதனால்தான் பாலோ ஆல்டோவில் அன்றைக்கு, நடைமுறை அறிந்த கிழவி திடீரென்று கட்சி மாறி, "மீன் நம்மோடு வரும். நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். என் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

சொல்லியாயிற்று, இனி அதற்கான வழியைத் தேடவேண்டும். என் பெண் விமானக் கம்பெனிக்கு இரண்டு தடவை போன் செய்தாள். முதல் தடவை பேசியவர் நாயும் பூனையும்தான் பிராணி, மீன் பற்றி எங்கள் விதியில் எதுவும் இல்லை என்றார். இரண்டாம் தடவை பேசியவர், பாதுகாப்புச் சோதனையில் விட்டால் எங்களுக்கு ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன் என்றார். நினைக்கிறேன் என்ற வார்த்தையை நம்பி யாராவது பிரயாணம் கிளம்புவார்களா? ஆனால் பாதுகாப்புச் சோதனை இலாகாவின் விதி மட்டும் தெளிவாக இருந்தது. கையோடு கொண்டுபோகலாம், மீன் உயிரோடு, தண்ணீரில், உள்ளே இருப்பது தெரிகிற பாத்திரத்தில் இருக்கவேண்டும், உத்தியோகஸ்தர் கண்ணால் பார்த்துச் சோதிப்பார். பெட்டியில் போட்டுச் சாமான்களோடு அனுப்ப மட்டும் கூடாது.

2006-ல் லண்டனில் விமானங்களைத் தகர்க்க நடந்த சதி பிடிபட்டதிலிருந்து, நூறு மில்லிக்கு மேல் எந்தத் திரவத்தையும் கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை மாமியார்களின் எத்தனை ஊறுகாய்கள் அந்தச் சட்டத்துக்குப் பலியாகியிருக்கின்றன! அப்படிப்பட்ட சட்டம் ஒரு மீனுக்காக விலகி நிற்கிறது என்று படித்தபோது, அமெரிக்கர்கள்மேல் எனக்கு மரியாதை கூடிற்று.

பாத்திரத்துக்கு அலையவேண்டியிருக்கவில்லை. ஆவக்காய் போடுவதற்காக என் பெண் வாங்கி வைத்த புதுக் கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. இரண்டு லிட்டர் பிடிக்கும். கண்ணாடி மூடி, ரப்பர் வளையம், கம்பிக் கொக்கி. ஆவக்காய்க்கு வாங்கின ஜாடியில் மிளகாய் ஏறிற்று. இதைச் சொல்லி நான் மட்டும் சிரித்தேன்.

மீன் பிரயாணத்துக்கும் சாஸ்திரம் இருக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தீனி போடக்கூடாது. சாப்பிட்டால் கழிவு, கழிவிலிருந்து அமோனியா, மூடின ஜாடியில் அமோனியா சேர்ந்தால் அதுவே விஷம். நம் பெரியவர்கள் யாத்திரை கிளம்பும்போது வயிற்றைக் காலியாக வைத்துக்கொள் என்பார்களே, அதேதான். அடுத்தது, ஜாடியில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி காற்று. மீனுக்குத் தண்ணீர் நிறைய வேண்டாமா என்று தோன்றும். பெட்டா அப்படிப்பட்ட மீன் இல்லை. செவுளுக்கு மேலே அதற்கு ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றைப் பிடித்து அந்த அறையில் நிரப்பிக்கொள்ளும். வயல் தண்ணீர் சுண்டிச் சேறாகிற தேசத்தில் பிறந்த மீனுக்கு இயற்கை செய்துகொடுத்த வசதி.

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இது புதிதல்ல. நம் வாய்க்கால்களில் இருக்கிற பனையேறிக் கெண்டையும் இதற்கு ஒரு விதத்தில் உறவு. அதற்கும் அந்த அறை உண்டு. எங்கள் மாயவரத்துக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு இருந்தார்கள் அல்லவா? அவர்களில் ஓர் அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தாம் பிடித்ததாக எழுதி, அது 1797-ல் லண்டனில் அச்சாகிப் பெரிய தர்க்கம் கிளம்பிற்று. பனை ஏறுமோ ஏறாதோ, நிலத்தில் நகர்ந்து போகும் என்பது நிஜம். சின்ன வயசில் மழை நாளில் வரப்பில் அது துள்ளித் துள்ளிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வம்சத்து மீன் இப்போது விமானம் ஏறுகிறது, அவ்வளவுதானே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

பழைய தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துத் தனியாக எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. பாலோ ஆல்டோவுக்கு வருவது யோசமிட்டி மலையில் ஹெட்ச் ஹெட்சி அணைக்கட்டில் தேங்குகிற, பனி உருகின தண்ணீர். வெகு மிருதுவானது, சோப்புப் போட்டால் வழவழப்பு லேசில் போகாது. ஆஸ்டினுடையது சுண்ணாம்புக் கல் பூமியில் ஓடிவரும் கொலராடோ ஆற்றுத் தண்ணீர். கிராண்ட் கான்யனைக் குடைந்த கொலராடோ வேறு. இது டெக்ஸாஸுக்குள்ளேயே பிறந்து கடலில் விழுகிற ஆறு. கொஞ்சம் கடினமான நீர். ஒன்றிலிருந்து எடுத்துச் சடக்கென்று மற்றொன்றில் போட்டால் மீன் தாங்காது. பழைய தண்ணீரில் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கவேண்டும். ஊர் மாறினால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று அம்மா சொன்னதை விஞ்ஞானமும் சொல்கிறது.

விமான நிலையத்தில் முதல் தடங்கல் டிக்கெட் சரிபார்க்கிற இடத்தில். அந்தப் பெண் ஜாடியைப் பார்த்ததும், "நாய், பூனை தவிர மற்றப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை" என்றாள். என் பெண் போனில் கேட்ட சமாசாரத்தைச் சொன்னாள். யாரிடம் கேட்டீர்கள்? பெயர் தெரியாது. எழுத்தில் இருக்கிறதா? இல்லை. பின்னால் வரிசை நீண்டது. கைக்குழந்தை வேறு வீல் என்று அலறிற்று. அந்தப் பெண்ணின்மேல் எனக்குக் கோபமில்லை. புத்தகத்தில் இல்லாத பிராணியோடு ஒரு புடைவை கட்டின கிழவி வந்து நின்றால் அவள்தான் என்ன செய்வாள்? மேலதிகாரியைக் கூப்பிட்டாள். நரைத்த தலை, தடித்த உடம்பு. அவர் ஜாடியைப் பார்ப்பதற்கு முன்னால் பேத்தியைப் பார்த்தார். அவள் ஜாடியின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். "ஒழுகாதே?" என்று கேட்டார். ஒழுகாது. "வழியில் திறக்கக்கூடாது." திறக்கமாட்டோம். "சரி, இது உங்கள் கைச்சாமான். ஆனால் விமானத்தில் இருக்கிறவர்கள் ஆட்சேபித்தால் நான் பொறுப்பில்லை." ஆக, முதல் தீர்ப்பின்படி மிளகாய் சாமான்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. பையை எல்லாம் எக்ஸ்ரே மெஷினுக்குள் அனுப்பிவிட்டு ஜாடியை மட்டும் கையில் ஏந்திக்கொண்டு போனேன். காசியிலிருந்து கங்கைச் சொம்பைக் கொண்டுவருகிறவர்கள் கீழே வைக்காமல் கொண்டுவருவார்களே, அந்த நினைவு வந்தது. உத்தியோகஸ்தர் இளைஞர். ஜாடியை வாங்கி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மிளகாய் திரும்பி அவரை முறைத்துச் செவுளை விரித்துக் காட்டிற்று. சண்டைக்கு அழைக்கிற தோரணை அது. அவர் சிரித்துவிட்டார். "போகலாம்" என்றார்.

ஜாடியை வாங்கிக்கொண்டு நான் நகர்வதற்குள் என் பையிலிருந்து பாட்டிலை எடுத்துவிட்டார்கள்.

"இது என்ன?"

"தண்ணீர். அந்த மீனுடைய தண்ணீர்."

"இதில் மீன் இல்லையே, அம்மா."

இல்லைதான். மீன் இருந்தால் அது மீனின் வீடு. மீன் இல்லாவிட்டால் நூறு மில்லிக்கு மேற்பட்ட திரவம். எத்தனை சுத்தமான தர்க்கம்! அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பாட்டிலை அவரே தொட்டியில் போட்டார். பேத்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாட்டி, அது அதோட ஊர்த் தண்ணி" என்றாள். ஜாடியில் இருக்கிறதே, போதும் என்றேன். போதுமா என்பது எனக்கு நிச்சயமில்லை.

மூன்றாவது, விமானத்தின் வாசல். உள்ளே வரவேற்கிற பெண்மணி நடுத்தர வயசு. கால் வலிக்கிறவளின் நிற்கும் பாணி. ஜாடியைப் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "இவர் பெயர் என்ன?" என்று பேத்தியைக் கேட்டாள். "மிலகாய்." அவள் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், பேத்தி அளவுக்கு அவளுக்கும் வந்தது. "மிலகாய், நல்வரவு" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் வந்தவருடைய டிக்கெட்டைப் பார்க்கத் தொடங்கினாள்.

சீட்டுக்கு அடியில், என் இரண்டு காலுக்கும் நடுவில், கம்பளிச் சால்வை சுற்றி ஜாடியை வைத்தேன். விமானத்துக்குள் குளிர் அதிகம். பெட்டாவுக்கோ நம் ஊர் வெதுவெதுப்பு வேண்டும். இருட்டாக இருந்தால் அடங்கியும் இருக்கும். விமானம் மேலே ஏற ஏற, சால்வைக்குள்ளிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'புஸ்.' பக்கத்து சீட்டுக்காரர் என் காலை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே இருந்த காற்று விரிந்து ரப்பர் வளையத்தை நெம்பிக்கொண்டு வெளியேறுகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிற மாதிரிதான் இருக்கும். கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதுபோல. இது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இதற்கு மறுபாதி ஒன்று உண்டு என்பது விளங்கவில்லை.

மூன்றரை மணிப் பிரயாணம். என் பெண்ணும் கைக்குழந்தையும் தூங்கிவிட்டார்கள். பேத்தி தூங்கவில்லை. ஒரு கதை சொல்லச் சொன்னாள். கதை எழுதுகிறவளுக்குக் குழந்தையிடம் சொல்லக் கதை கிடைப்பதில்லை என்பது ஒரு துக்கம். மணியைப் பற்றிச் சொன்னேன். ஜங்ஷன் வரைக்கும் ஓடிவந்தது, எடை மெஷின், எல்லாம்.

"அப்புறம்?"

அப்புறம், திண்டுக்கல் போய்ச் சேர்ந்ததும் அப்பா எதிர்வீட்டு மாமாவுக்குக் கார்டு எழுதினார். வீட்டுச் சாவி, பால் கணக்கு, அந்த மாதிரி விஷயங்கள். அடியில் ஒரு விரல்கடை இடம் இருந்தது. அதில் நான், 'மணி சௌக்கியமா?' என்று எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. பால் கணக்கைப் பற்றி இருந்தது. மணியைப் பற்றி இல்லை. மறுபடியும் அப்பா எழுதினபோது நானும் எழுதினேன். மறுபடியும் பதிலில் இல்லை. நாலு கார்டு எழுதினேன் என்று ஞாபகம். அதற்குப் பிறகு அடியில் இடம் இருந்தாலும் எழுதவில்லை. அப்பாவும் எழுதச் சொல்லவில்லை.

"ஏன் அவா பதில் சொல்லலை?"

"தெரியலைடி."

"செத்துப் போயிருந்தா, செத்துப் போச்சுன்னு சொல்லலாமே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குனிந்து சால்வையை ஒரு ஓரத்தில் விலக்கிப் பார்த்துவிட்டு மூடினாள்.

ஆஸ்டினில் இறங்கி, மாப்பிள்ளையின் காரில் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊர் கடிகாரத்தில் மணி பதினொன்று. சாமான் லாரி இன்னும் வந்தபாடில்லை. நாலு சுவரும் ஒரு விளக்கும் பாயும்தான் வீடு. மாப்பிள்ளை ஒரு தொட்டி வாங்கித் தண்ணீர் நிரப்பி, அதில் மருந்துச் சொட்டும் விட்டு வைத்திருந்தார். அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் போடுகிறார்கள். வெறும் குளோரினாக இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் பறந்துவிடும். இது பறக்காது, மருந்து விட்டுத்தான் முறிக்கவேண்டும். மீன் விஷயத்தில் அக்கறை இல்லாதவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனுஷர், இதையெல்லாம் யாரும் சொல்லாமல் விசாரித்துச் செய்திருந்தார்.

ஜாடியைத் தரையில் வைத்துக் கொக்கியை எடுத்தேன். மூடி வரவில்லை.

இழுத்தேன். வரவில்லை. மாப்பிள்ளை இழுத்தார், தேகப் பயிற்சி செய்கிற கை. ஜாடி முழுவதும் எழுந்து வந்ததே தவிர மூடி அசையவில்லை. அப்போதுதான் அந்த மறுபாதி எனக்குப் புரிந்தது. மேலே ஏறும்போது காற்று வெளியே போய்விட்டது. இறங்கும்போது ரப்பர் வளையம் வெளிக்காற்றை உள்ளே விடவில்லை. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்காகவே செய்த ஜாடி அல்லவா? கொடைக்கானல் காற்று உள்ளே, ஆஸ்டின் காற்று வெளியே. மூடியை வானமே உட்கார்ந்து அழுத்துகிற மாதிரி இருந்தது. மூடி எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. மிளகாய் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நிறம் வெளுத்திருந்தது. மேலே வந்து காற்றுக் குடிப்பதை நான் பார்த்து வெகு நேரமாயிற்று.

"மூடியைச் சுடுதண்ணீரில் காட்டினால் கழன்றுவிடும்" என்றார் மாப்பிள்ளை. என் பெண் அவரைப் பார்த்தாள். அவரே வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியை உடைப்பதா? உள்ளே மீன். கத்தி, ஸ்பூன் எல்லாம் லாரியில், எந்த ஊர் ரஸ்தாவிலோ. பேத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கறேன் என்று சொன்னவள் நான்தானே?

தலையில் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். கையில் கொண்டை ஊசி தட்டுப்பட்டது. ரப்பர் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அதன் முனையைக் கொடுத்து நெம்பினேன். முதல் ஊசி வளைந்தது. இரண்டாவது ஊசி வழுக்கி விரலில் குத்திற்று. மூன்றாவது தடவை 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு சீறுகிற மாதிரி காற்று உள்ளே ஏறிற்று. மூடி லேசாக, ஒன்றும் நடக்காததுபோல, கையோடு வந்துவிட்டது.

மிளகாய் ஆடவில்லை. ஒரு நிமிஷம். என் பெண், "அம்மா..." என்று ஆரம்பித்தாள். அப்போது அது வாலை ஒரு தடவை தட்டிற்று. நேராகிற்று. மெல்ல, கிழவன் மாடிப்படி ஏறுவதுபோல மேலே வந்து, நீர் மட்டத்தில் வாயை வைத்து ஒரு குமிழி காற்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் இறங்கிற்று.

பழக்குகிற வேலை இருந்தது. கலக்குவதற்குப் பழைய தண்ணீர் ஜாடியில் இருந்தது மட்டும்தான். பாட்டில் மூடியால் அளந்து, முதலில் ஒரு மூடி புதுத் தண்ணீர், கொஞ்சம் பொறுத்து இரண்டு மூடி என்று பேத்தியும் நானும் விட்டுக்கொண்டிருந்தோம். கட்டிலில்லாத வீட்டில் தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம். ஜூன் மாதத்து டெக்ஸாஸ் ராத்திரி. புழுக்கம் நம் ஊரைத் தோற்கடிக்கும். மீனுக்கு அது ரொம்பப் பிடித்தது. ஒரு மணிக்கு மேல் அதைப் புதுத் தொட்டியில் விட்டபோது பேத்தி உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். அவளை எழுப்பிக் காட்டிவிட்டுத்தான் படுக்கவைத்தேன்.

ஐந்தாம் நாள் தொட்டியின் மூலையில் சோப்பு நுரை மாதிரி மிதந்தது. யாரோ சோப்புக் கையை விட்டுவிட்டார்கள் என்று என் பெண் பதறினாள். சோப்பு இல்லை. ஆண் பெட்டா வாயால் குமிழி ஊதிக் கட்டுகிற கூடு அது. பெண் மீன் முட்டை இட்டால் அந்த நுரையில் வைத்துக் காவல் காக்கும். பெண் இல்லாவிட்டாலும் தண்ணீர் பிடித்துப்போனால் கட்டுமாம். அந்த வாரம்தான் எனக்கும் ஆஸ்டின் தண்ணீரில் காபி சரியாக வந்தது.

ஆகஸ்டில் நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். வாரம் ஒரு தடவை, இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே சனிக்கிழமை இரவு, போனில் முகம் பார்த்துப் பேசுவோம். எல்லாம் பேசி முடிந்த பிறகு கடைசியில், "மிளகாய் சௌக்கியமா?" என்று கேட்பேன். பேத்தி போனைத் தொட்டிப் பக்கம் திருப்புவாள். பாதி நாள் அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது.

2024 நவம்பரில் ஒரு நாள், அது ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. பதறிக்கொண்டு எடுத்தேன். என் பெண்தான். "ஒண்ணுமில்லைம்மா, பயப்படாதே. உன்கிட்ட இப்பவே பேசணும்னு நிக்கறா" என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தாள்.

"பாட்டி, மிலகாய் செத்துப் போச்சு. இன்னிக்கு சாயங்காலம். நான் ஸ்கூல்லேர்ந்து வந்தப்போ."

"எங்கேடி வச்சிருக்கே?"

"தோட்டத்துல குழி தோண்டிட்டோம். மழை பெய்யறது. நின்னதும் வைக்கணும்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அங்கே மழைச் சத்தம் போனில் கேட்டது.